ஒரு டம்ளர் கஷாயம்

"பத்து நாளா உங்க கஷாயத்தைக் குடிக்கேன். பொட்டுத் தூக்கம் இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள் ஆவுடையம்மாள்.

மேகலா வைத்தியருக்கு முப்பத்திரண்டு வயது. ஆவுடையம்மாளுக்கு ஐம்பது. ஆனாலும் செங்கோட்டை மலையடிவாரத்து அந்த ஆயுர்வேத வைத்தியசாலையில் அவர்தான் குரு, இவள்தான் சிஷ்யை.

காலையில் மூச்சுப் பயிற்சி நடக்கும். எல்லாப் பெண்களும் கண்ணை மூடியிருக்க, ஆவுடையம்மாள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்துப் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருப்பாள்.

"நேத்து கொதிக்கிற சோத்துப் பானை கைதவறிப் போச்சு. கால்ல விழாம தப்பிச்சேன். இப்படியே போனா ஒரு நாள் அடுப்புலயே விழுந்துருவேன். நெசமாத்தான் சொல்லுதேன்."



வைத்தியர் நாடி பார்க்க இடது கையைப் பிடித்தார். மூன்று விரல்களை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"கஷாயம் எப்படி வச்சீங்க, அக்கா?"

"நீங்க சொன்ன மாதிரிதான். எட்டு டம்ளர் தண்ணி ஒரு டம்ளரா வத்துற வரைக்கும் அடுப்பை விட்டு நகரலை."

அதில் அவளுக்குப் பெருமை. அவள் தெருவில் பதம் பார்த்துக் காய்ச்ச அவளை விட்டால் ஆளில்லை.

"கசப்பு தாங்க முடிஞ்சுதா?"

"கசப்பா? இனிப்பால்லா இருந்தது. கருப்பட்டி போட்டிருந்தேனே."

"கருப்பட்டி யாரு போடச் சொன்னா?"

"அத்தைக்குக் கசப்பு ஆகாது."

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மாமியாருக்கும் குடுத்தீங்களா?"

"மணத்துக்கு வந்து நின்னாங்க. அவங்களுக்கு முட்டுவலி. இவருக்குக் கடை அலைச்சல். மகனுக்குக் கண்ணெரிச்சல். நல்ல மருந்தாச்சே, ஆளுக்குக் கொஞ்சம்..."

"உங்களுக்கு?"

"சட்டியை அலசிக் குடிச்சேன். ஒரு சொட்டு வீணாக்கலை."

"வீட்டுல மத்தவங்க தூங்குறாங்களா?"

"அதை ஏன் கேக்கீங்க! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதாங்க. இவரு குறட்டை தெருமுனை வரைக்கும் போகுது. நான்தான் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன்."

சுற்றியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். வைத்தியர் சிரிக்கவில்லை. அதே பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"மருந்தை மாத்தலியா?"

"மருந்து நல்லா வேலை செய்யுது. நோயாளிதான் இன்னும் வரலை. அவளைக் கூட்டிட்டு வாங்க, நாடி பார்க்கேன்."

ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்றது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று மாலை அடுப்படியில் மணம் கிளம்பியதும் மாமியார் டம்ளரோடு வந்து நின்றார்.

"ஏட்டி, எனக்கு எங்க?"

ஆவுடையம்மாளின் கை கருப்பட்டி டப்பாவுக்குப் போனது. முப்பது வருஷப் பழக்கம். மூடியைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"இது எனக்குக் குடுத்தது, அத்தை. உங்க முட்டுவலிக்கு வேற மருந்து இருக்கும். நாளைக்கே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"இது என்னடி புதுசா?"

"ஆமா, புதுசுதான்."

டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். புருஷனும் மகனும் பார்க்க, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மாமியாரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு அவள் நுழைந்த வேகத்தில், பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஆவுடையம்மாளின் முகம் இன்னும் சுளித்தபடி இருந்தது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

"என்ன வைத்தியரம்மா இது! வேப்பங்கொழுந்தை அரைச்சுக் கரைச்ச மாதிரி! ராத்திரி போய் விடிஞ்சாச்சு, நாக்குல இன்னும் கசக்குது. இதை ஒரு மனுஷி குடிப்பாளா?"

மேகலா வைத்தியர் எழுந்து வாசல் வரை வந்தார். அவள் இடது கையைப் பிடித்து மூன்று விரல்களை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

"வாங்க" என்றார்.