ஆந்தையைத் தூங்கவைத்த பாட்டு

காட்டாற்றின் கரையில் ஒரு வேங்கை மரம் நின்றது. அதன் பொந்துக்குள் இருவாச்சிப் பறவை ஒருத்தி தன்னைத்தானே அடைத்துக்கொண்டு அடைகாத்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி மூடிவிடுவாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியாக அவள் கணவன் அத்திப்பழம் ஊட்டுவான். குஞ்சு தேறும்வரை அவள் வெளியே வரமாட்டாள்.

எந்தப் பொந்து யாருக்கு, எந்தப் புற்று யாருக்கு என்ற கணக்கெல்லாம் அந்தக் காட்டில் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் ஆந்தை. ஆந்தையக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சொன்னதை நடத்திவைக்கக் கரடியார் இருந்தார். 'இது உனக்கில்லை' என்று ஆந்தை சொல்லிவிட்டால், குடியிருப்பவரைக் கரடியார் வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்.

கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆந்தை பட்ட பாடு ஆந்தைக்குத்தான் தெரியும். இரவெல்லாம் எலிக்கு அலைந்துவிட்டு விடியலில் வந்து கண்ணை மூடுவாள். அணில் வந்து இறக்கையைப் பிடித்து இழுக்கும்.

"அக்கா! அக்கா! நாவல் மரத்துப் பொந்து எனக்கா, என் மச்சானுக்கா?"

"உனக்குத்தான்டா! நேத்தும் இதையேதானே கேட்டே?"

"நேத்து கேட்டேன். இன்னைக்கும் அப்படியேதான் இருக்கான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்!"

அணில் போனால் கீரி வரும். கீரி போனால் கிளிகள் கூட்டமாக வரும். காடே விழித்திருக்கும் நேரத்தில் அவளுக்குத் தூக்கம் வரவேண்டும். காடே தூங்கும் நேரத்தில் அவள் வேலைக்குப் போகவேண்டும். தூங்காத கண்ணுக்கு எல்லாமே கசப்பாகத் தெரிந்தது.

ஒரு நாள் நடுப்பகலில் மரப்பட்டை சரசரத்தது. உடும்பு ஏறி வந்தது.

"என்னக்கா, சௌக்கியமா? குஞ்சுங்க ரெண்டும் கொழுகொழுன்னு இருக்கே!"

ஆந்தை குஞ்சுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உனக்கு என்ன வேணும்?"

"பெரிசா ஒண்ணுமில்லை. வேங்கை மரப் பொந்து. அமாவாசைப் பகல்ல ஆலமரத்தடியில கூட்டம் இருக்குல்ல? அங்கே 'அது உடும்போடது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கரடியார் வாசலை உடைச்சுக் கொடுத்திடுவார். மத்ததை நான் பார்த்துக்கறேன்." உடும்பு நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டது.

"அடப்பாவி! உள்ளே ஒருத்தி அடைகாத்துட்டு இருக்கா! இறகெல்லாம் உதிர்ந்து பறக்கக்கூட முடியாம இருக்கா! நான் பொய் சொல்லணுமா?"

"நீங்க சொன்னா அது எப்படிக்கா பொய்யாகும்? வேற யாருக்குத் தெரியும், இல்லைன்னு சொல்ல? யோசிங்க. நீங்களும் வேட்டைக்குப் போகத்தானே வேணும். அப்போ இந்தக் குஞ்சுங்க தனியாத்தானே இருக்கும்?"

உடும்பு இறங்கிப் போனது. ஆந்தை கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள். தன் குஞ்சுகளைக் காப்பாற்றினால் இருவாச்சியும் அவள் முட்டைகளும் போகும். இருவாச்சியைக் காப்பாற்றினால் தன்னுடையவை போகும்.

மாலையில் பக்கத்துக் கிளையில் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தாள். துடுப்பு போல் வால் நீண்டவள். காட்டிலுள்ள எல்லாக் குரலையும் அப்படியே திருப்பிப் பாடிக் காட்டுவாள். வாய் கொஞ்சம் அதிகம்.

"என்ன அக்கா, முகம் இப்படி வாடிக் கிடக்கு? எலி கடிச்சிடுச்சா?"

ஆந்தை விஷயத்தைச் சொன்னாள். கரிச்சானின் வால் ஆடுவது நின்றது.

"அக்கா, அவனுக்குப் பொந்து வேணும். பொந்துக்கு வழி உன் வாய். யாருக்கு எந்த வீடுங்கற கணக்கு உன் ஒருத்தி வாயில இருக்கறதாலதானே உன் கழுத்தைப் பிடிக்கறான்? அதைக் காட்டுக்கே கொடுத்துடு!"

ஆந்தைக்குச் சுருக்கென்றது. "கொடுத்துட்டா அப்புறம் எனக்கு என்னடி மரியாதை?"

"மரியாதையா! பகல்ல ஒரு நாள் முழுசா தூங்கியிருக்கியா நீ?"

ஆந்தை முனகினாள். "எல்லார்கிட்டயும் கொடுத்தா ஆளாளுக்கு மாத்திச் சொல்லுவாங்களே!"

"அதுக்குத்தான் பாட்டு! ஒரு வரி எந்தக் குரல்ல முடியுதோ, அங்கேயிருந்துதான் அடுத்த வரியை எடுக்கணும். இழுத்துச் சொல்ற இடத்துல குரல் ஏறணும், இழுக்காத இடத்துல இறங்கணும். 'இருவாச்சி'ன்னு பாடிப் பாரு. நடுவுல ஏறுது பார்த்தியா? அங்கே வேற பேரைப் போட்டா குரல் வேற எங்கேயோ போய் நிக்கும். அதுக்குப் பின்னாடி வர்ற வரி அத்தனையும் விலகிப் போயிடும்!"

"முதல்லயே ஒருத்தன் பொய்யா ஒரு வரி கொண்டுவந்தா?"

"சுத்தியிருக்கறவங்க 'ஆமாம், நாங்க பார்த்தோம்'னு சொன்னாத்தான் வரி சேரும். சேர்ந்த வரியை எடுக்க முடியாது. வீடு கைமாறினா கடைசியில புது வரி கட்டிக்கலாம்."

கரிச்சான் கூப்பிட்டதும் அக்கம்பக்கத்துப் பறவைகளெல்லாம் வந்து கூடின. ஆந்தை தன் குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை காலம் தனியாகச் சுமந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். வேங்கை மரத்தின் பெயரைச் சொன்னதும் சுற்றியிருந்த பறவைகள் கத்தின. "ஆமாம், ஆமாம்! அவ வாசலைப் பூசினதை நாங்க பார்த்தோம்!" கரிச்சான் ஒவ்வொன்றையும் வரியாகக் கட்டினாள்.

வேங்கைப் பொந்தில் இருவாச்சி!
நாவல் பொந்தில் அணில்!
ஆற்றோரப் புற்றில் கீரி!

அன்றிலிருந்து பொழுது சாயும்போதெல்லாம் காடு பாடியது. மைனா பாடியது, கிளி பாடியது, அணில்கூடக் கீச்சுக் குரலில் பாடியது. உடும்பும் கேட்டது. கேட்டுவிட்டுச் சிரித்தது. "குருவிங்களுக்குப் பொழுது போகலை போல!" என்று திரும்பிப் படுத்துக்கொண்டது. அதன் கண் முழுக்க ஆந்தை மேலேயே இருந்தது. ஆந்தையைப் பிடித்தால் காட்டையே பிடித்த மாதிரி என்று அது நம்பியது.

அமாவாசையன்று ஆலமரத்தடியில் கூட்டம் கூடியது. கரடியார் நடுவில் உட்கார்ந்தார். ஆண் இருவாச்சி அலகில் அத்திப்பழத்தோடு பதறிப்போய் நின்றான். உடும்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தது.

"வேங்கை மரப் பொந்து என்னோடது. சந்தேகம்னா ஆந்தையக்காவைக் கேளுங்க!"

எல்லாக் கண்களும் ஆந்தை பக்கம் திரும்பின. அவள் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு வாய் திறந்தாள்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? என்கிட்ட இருக்கறது எல்லார்கிட்டயும் இருக்கே! பாட்டைக் கேளுங்க!"

உடும்பின் முகம் கறுத்தது. சட்டென்று சமாளித்தது. "பாட்டுதானே? எனக்கும் தெரியும்! வேங்கைப் பொந்தில் உடும்பு!"

"அப்படியா? சரி, நிறுத்தாம மேலே பாடுப்பா. நாங்களும் கூடவே பாடறோம்" என்றார் கரடியார்.

உடும்பு பாடியது. 'உடும்பு' என்ற பேரில் இழுக்க இடமே இல்லாததால், ஏறவேண்டிய இடத்தில் அதன் குரல் இறங்கிவிட்டது. நாவல் வரியை அதைவிடக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கீரி வரியில் அது கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல் கேட்டது. காடு ஒரு பக்கம் போனது, உடும்பு ஒரு பக்கம் போனது. முக்கால் பாட்டு வருவதற்குள் அதற்குக் குரலே எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒரு பேரை மாத்தினா கடைசி வரைக்கும் மாத்தணும் மாமா!" என்று கத்தினாள் கரிச்சான். "அதுவும் உன் தொண்டையில மட்டும் மாத்தினா போதாது! எங்க எல்லார் தொண்டையிலும் மாத்தணும்! அதுக்குள்ள நாங்க சாயங்காலம் இன்னொரு வரி சேர்த்துடுவோம்!"

உடும்பு ஆந்தையைப் பார்த்துச் சீறியது. "உன் குஞ்சுங்களை..."

"தொட்டுப் பாரு!" என்றாள் ஆந்தை. குரல் நடுங்கவில்லை. "என்னையே தின்னாலும் உனக்குப் பொந்து கிடைக்காது. பாட்டு என்கிட்ட மட்டும் இல்லை!"

கரடியார் எழுந்து நின்றார். அதற்கு மேல் உடும்பு அங்கே நிற்கவில்லை. புதருக்குள் பாய்ந்து, ஆற்றைத் தாண்டிப் போயே போய்விட்டது.

சிரிப்பு அடங்கியபோது, பக்கத்திலிருந்த வேங்கை மரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. பூசிய வாசலின் கீறல் வழியாக, இருட்டுக்குள்ளிருந்து, அடைபட்டவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வரி பிசகவில்லை. சாயங்காலமெல்லாம் உள்ளே இருந்தபடியே கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறாள். ஆண் இருவாச்சி அத்திப்பழத்தை நழுவவிட்டு அழுதுவிட்டான்.

மறுநாள் விடியலில் ஆந்தை கண்ணை மூடினாள். அணில் பழக்கதோஷத்தில் வந்து இறக்கையைப் பிடித்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு விட்டுவிட்டது. "நாவல் பொந்தில் அணில்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனது. வெயில் ஏறியது. கிளிகள் கத்தின. ஆந்தை அசையவில்லை. இரண்டு குஞ்சுகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு, அன்று பொழுது சாயும்வரை அவள் தூங்கினாள்.

கல்லூரியில் பிளாக்செயின் என்று பாடம் தொடங்கினால் மிரள வேண்டாம், இந்தக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் ஒரு வரியை அங்கே பிளாக் என்பார்கள். முந்தைய வரி விட்ட குரலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி எழுவதால் அது செயின், அதாவது சங்கிலி. அந்தப் பாட்டு ஒரு தொண்டையில் இல்லாமல் ஊரெங்கும் உள்ள கணினிகளில் இருக்கும், அவ்வளவுதான்.

நீதி: ஊருக்கே பொதுவான உண்மையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல் எல்லோரும் சேர்ந்து காத்தால், அதை எவனாலும் மிரட்டி மாற்ற முடியாது.