நரி வாலும் நண்டுப் பிடியும்

ஏரிக்கரை வயலின் வரப்பில் பெருங்கொடுக்கன் என்ற கிழ நண்டு வசித்து வந்தது. அந்த வயலிலேயே பெரிய கொடுக்கு அதனுடையதுதான். அதில் அதற்குக் கொள்ளைப் பெருமை!

ஒரு நாள் மாலை பக்கத்தில் மண் சரியும் சத்தம் கேட்டு அது எட்டிப் பார்த்தது. அரும்பு என்ற இளம் நண்டு, ஒற்றைக் கொடுக்கால் புது வளை தோண்டிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் அரும்பின் வளைக்குள் ஒரு நரி தன் வாலை விட்டது. வாலைக் கண்டால் கவ்வுவது நண்டுகளின் வழக்கம். அரும்பும் கவ்வியது. நரி வெடுக்கென்று வெளியே இழுத்துக் கொடுக்கைக் கடித்தது. அரும்பு அந்தக் கொடுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாய்க்காலில் உருண்டு தப்பியது.

"என்ன அரும்பு, கொடுக்கை நரிக்குத் தானம் பண்ணிட்டியாமே!"

"ஆமா மாமா. உயிரையும் சேர்த்துக் கேட்டுது. அதைக் கொடுக்க மனசு வரலை!"

"சிரிக்காதே! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உறுதியே கிடையாது. எங்க காலத்துல பிடிச்சா பிடிச்சதுதான்!"

"ஓடு கழற்றும்போது புதுசு முளைக்கும் மாமா. அதுவரைக்கும் இதை வச்சு ஓட்டணும்."

அதற்குள் தோண்டிய மண் மறுபடி சரிந்தது. அரும்பு உதறிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கியது.

பெருங்கொடுக்கன் வளைக்குள் திரும்பியது. பழைய ஐப்பசி மாலைகள் நினைவுக்கு வந்தன. மழை விட்டதும் வரப்பெல்லாம் நண்டுகள். பயிரின் அடியில் நுரை தள்ளியபடி ஓயாத பேச்சு. கரியனின் கேலி, நெடுங்காலனின் சண்டை. எல்லாருக்கும் என்ன பிடி! ஒருவர்கூட நரியின் வாலை விட்டதில்லை.

'அவர்கள் எல்லாம் இப்போது எங்கே?'

இந்தக் கேள்வி இத்தனை காலம் அதற்குத் தோன்றியதே இல்லை. பதில் தெரிந்ததும் அது கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்போது நரியின் வால் வளைக்குள் இறங்கியது. பழகிய கொடுக்கு யோசிக்கக் காத்திருக்கவில்லை. கவ்வியது! அடுத்த கணம் பெருங்கொடுக்கன் வரப்பின் மேல் கிடந்தது.

"ஆகா, கிழமானாலும் என்ன பிடி! இந்தக் காலத்து நண்டுகளிடம் இது ஏது? உங்கள் தலைமுறையின் ருசியே தனி!" என்று நரி பாராட்டியது. பிறகு அந்தப் பெரிய கொடுக்கைக் கடித்தது.

"கழற்றிப் போடுங்க மாமா!" என்று அரும்பு கத்தியது.

"இது போனா நான் யாரு? இந்த வயசுல இனி முளைக்குமா?"

"தெரியாது மாமா! முதல்ல வாங்க!"

பெருங்கொடுக்கன் ஒரு முறை தன் கொடுக்கைப் பார்த்தது. பிறகு முறுக்கிக் கழற்றிவிட்டு வாய்க்காலில் விழுந்தது.

மறுநாள் காலை இரண்டு நண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தோண்டின.

"மாமா, உங்க மண்ணை என் வளைக்குள்ள தள்றீங்க!"

"பொறு, பொறு! இடது பக்கம் இன்னும் பழகலை!"

மண் சரிந்தது. பெருங்கொடுக்கன் மறுபடி தோண்டியது. தோண்டியபடியே கரியனின் கதையைச் சொன்னது. இந்த முறை அவன் எப்படிச் செத்தான் என்பதையும் சேர்த்தே சொன்னது.

போனதைப் போகவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு மறுபடி தொடங்குவதே உண்மையான உறுதி.