சபைக்கு வந்த செக்குமாடு

முன்னொரு காலத்தில், எதையும் பேசியே முடித்துவிடலாம் என்று நம்பிய ராஜா ஒருவர் இருந்தார். பெயர் எதற்கு? அப்படிப்பட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அந்த வருஷம் பெரிய ஏரியின் மதகு இடிந்து கிடந்தது. அரண்மனை விகடகவி தேவநம்பி, "மகாராஜா, மதகைப் பற்றி நாம் பேசிய பேச்சைக் கரையில் கொட்டியிருந்தாலே உடைப்பு அடைபட்டிருக்கும்" என்று சொல்லிவைத்தான். வாய் சும்மா இருந்தால்தானே! ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"அப்படியானால் நீயே கட்டு. மழைக்கு முன்னால் மதகு நிற்கவில்லை என்றால், நீ இந்த நாட்டில் நிற்கக் கூடாது."

தேவநம்பியைக் கண்டாலே பிரதானி வீரபத்திரருக்கு வயிறெரியும். அவர் மெல்ல எழுந்தார். "பிரபு, பெரிய காரியம். இந்த வேலையில் பங்குள்ள ஜீவன் ஒன்று பாக்கியில்லாமல் தினமும் காலையில் சபைக்கு வரட்டும். ஆலோசனை முடிந்த பிறகே வேலையைத் தொடட்டும்." அதுவே உத்தரவாயிற்று.

அன்றிலிருந்து கொத்தர்களும் மண் சுமப்பவர்களும் சபையின் கோடியில் கைகட்டி நின்றார்கள். முதலில் ராஜாவுக்கு வாழ்த்து. பிறகு பிரதானியின் உரை: மதகின் பெருமை, அவருடைய பாட்டனார் கட்டிய மதகின் பெருமை. வெயில் உச்சிக்கு வந்தபின்தான் விடுவார்கள். கரைக்குப் போய்க் கரண்டியை எடுத்தால் பொழுது சாயும். அரைத்து வைத்த சாந்து மறுநாள் இறுகிக் கிடக்கும்.

தலைமைக் கொத்தன் மாசிலாமணி ஒருநாள் தேவநம்பியின் வழியை மறித்தான். "சாமி, மேற்கே மேகம் கருக்குது. எம் மக பேறுகாலத்துக்குக் கீழூர் வந்திருக்கா. தண்ணி ஒடைச்சுக்கிட்டா மொத வீடு எங்க வீடுதான். ஏதாச்சும் பண்ணுங்க."

தேவநம்பி அன்று யாரையும் சிரிக்க வைக்கவில்லை. தன் நாக்குத் துடுக்குக்கு யாரோ ஒரு பெண் பச்சைக் குழந்தையோடு கூரையில் ஏறுவதா என்று மனசு அடித்துக்கொண்டது. நாட்டை விட்டுப் போவதுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை, சாந்து அரைக்கும் செக்குமாட்டைக் கயிற்றைப் பிடித்துச் சபைக்குள் கூட்டி வந்தான். பளிங்குத் தரையில் குளம்பு வழுக்கியது. மாடு நிதானமாக நடந்து பிரதானியின் ஆசனத்தருகே நின்று, அவருடைய அங்கவஸ்திரத்தை முகர்ந்து பார்த்தது.

"என்ன கூத்து இது?" என்றார் ராஜா.

"தங்கள் உத்தரவு, பிரபு. வேலையில் பங்குள்ள ஜீவன் ஒன்றுகூடப் பாக்கியிருக்கக் கூடாதே! சாந்து முழுவதும் இது அரைத்தது. இத்தனை நாள் அழைக்காமல் விட்டது என் பிழை. கல் சுமந்த கழுதைகள் பின்னால் வருகின்றன."

பிரதானி துள்ளி எழுந்தார். "விரட்டச் சொல்லுங்கள், மகாராஜா! ஆலோசனையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத பிராணிக்குச் சபையில் என்ன வேலை?"

தேவநம்பி கைகூப்பினான். "பிரதானியார் வாக்கு பொன்னான வாக்கு. அதையே உத்தரவாக்குங்கள், பிரபு. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் வேலைக்குப் போகட்டும்."

ராஜா மாட்டைப் பார்த்தார். கோடியில் நின்றவர்களைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர்களில் ஒருவர் குரலைக்கூடத் தான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

மாடு முதற்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். மாசிலாமணி மட்டும் நின்றான். "மகாராஜா, மதகுக் கல்லு ஒண்ணு விரிசல் விட்டிருக்குங்க. கோட்டைப் பக்கம் ஒரு கல்லு சும்மா கெடக்கு. எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கொள்."

"அவ்வளவுதானுங்க" என்று அவனும் ஓடினான். ராஜா வாயிலிட்ட வெற்றிலையை இன்னும் மென்று முடிக்கவில்லை.

"மதகைப் பற்றி உமக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று ராஜா பிரதானியைக் கேட்டார். வீரபத்திரர் தொண்டையைச் செருமினார். வாழ்த்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அவரும் வெளியே நடந்தார்.

மழை வந்தபோது மதகு நின்றது. கீழூரில் ஒரு வீடுகூட நனையவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வீடும் போகவில்லை. மாசிலாமணிக்குப் பேத்தி பிறந்தாள். கரைக்கு வந்து பார்த்த ராஜா, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"அந்த மாட்டுக்குப் போடுங்கள், பிரபு" என்றான் தேவநம்பி. "சபைக்கு வந்து ஒரு வார்த்தைகூட வீணாக்காதது அது ஒன்றுதான். நானே வாயைத் திறந்துதான் இந்த வம்பில் சிக்கினேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மாலையை மாட்டுக்குப் போட்டார். பொற்கிழியைத் தேவநம்பியின் கையில் வைத்தார். அதைப் பற்றி ஆலோசனை எதுவும் நடக்கவில்லை.