பெரும்பாக்கத்தில் ஒரு ரோபோ

குடியிருப்போர் சங்கக் கூட்டம் காலை பத்து மணிக்கு என்று லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார்கள். பத்தரை ஆகியும் கார் நிறுத்துமிடத்தில் போட்ட நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. கூட்டம் நடத்த ஆள் போதவில்லை. பொய் சொல்ல ஆள் போதும் என்பதால் வேதாசலம் ஆரம்பித்தார்.

வேதாசலம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தமயந்தி இன்னும் பள்ளித் தலைமையாசிரியை. அவர்கள் வீட்டில் ரோபோ வாக்குவம் கிளீனர் வாங்கிய செய்தி எல்லா மாடிக்கும் போயிருந்தது. கொண்டுபோனவரும் வேதாசலம்தான்.

இன்று அதைப் பற்றிக் கேட்டவள் மூன்றாம் மாடி சுகந்தி. ஆஸ்பத்திரியில் லேப் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறாள். மிச்சமிருக்கும் ஞாயிறும் வீடு பெருக்குவதிலேயே போய்விடுகிறது. புருஷன் பரணி குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பான். கிரிக்கெட் ஆடப் போனால் பிடித்துக்கொள்ளாது. இப்போது அவன் மாடியில் செல்போனோடு உட்கார்ந்து, ரோபோவுக்கு ஆர்டர் போடவா வேண்டாமா என்று கேட்டபடி இருக்கிறான்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றாள் சுகந்தி. "அதை வாங்கினா என் ஞாயித்துக்கிழமை எனக்குக் கிடைக்குமா?"

"ஞாயித்துக்கிழமை என்னம்மா, வாரமே கிடைக்கும். எங்க வீட்டுத் தரை இப்ப எப்படி இருக்கு தெரியுமா? நேத்து ஒரு எறும்பு வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு."

"எந்தக் கால்?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலி நூருல்லா. மின்வாரியத்தில் இருந்தவர். எதையும் சோதித்துப் பார்த்தே பழகியவர்.

"இடது கால், பாய். நடுவுல இருக்கிறது."

நூருல்லா தலையை ஆட்டிக்கொண்டார். வேதாசலத்துக்கு அது போதும்.

"தரையை விடுங்க. அதுக்கு இருக்கிற ஆசாரம் மனுஷனுக்குக் கிடையாது. சாயங்காலம் தமயந்தி விளக்கு ஏத்தினதும் அப்படியே நிக்கும். கட்டிலுக்கு அடியில பாதி, வெளியில பாதி. விளக்கு வெச்சப்புறம் வீடு பெருக்கக் கூடாதுல்ல? அன்னிக்குப் பையன் டெல்லிக்குக் கிளம்பினான். அவன் போனதும் பட்டனைத் தட்டுறேன், அசையவே இல்லை. ஊருக்குப் போறவங்க கிளம்பின கையோட பெருக்கலாமா? ரயில் கூடூர் தாண்டினப்புறம்தான் சக்கரத்தை உருட்டுச்சு."

"கூடூர் தாண்டினது அதுக்கு எப்படித் தெரியும்?"

"வைஃபை, பாய். அதுவே பார்த்துக்கும்."

"பொருள் ஏதாவது கீழே கிடந்தா உறிஞ்சிடுமா சார்?" என்றாள் சுகந்தி. போன வாரம்தான் அவள் மூக்குத்தித் திருகு காணாமல் போயிருந்தது.

"உறிஞ்சும். ஆனா குப்பையோட சேர்க்காது. தமயந்திக்குக் கல்யாணத்துல போட்ட மெட்டி ஒண்ணு தொலைஞ்சு போச்சு. அதைக் கொண்டாந்து அவ காலடியில வெச்சுதும்மா!"

"சோபாவுக்கு அடியில கிடந்திருக்கும்," என்றார் நூருல்லா.

"மெட்டி தொலைஞ்சது கும்பகோணத்துல, பாய். நாங்க அப்போ அங்கே வாடகைக்கு இருந்தோம். இது எடுத்துக் கொடுத்தது பெரும்பாக்கத்துல."

சுகந்தியின் போன் அடித்தது. "இரு பரணி, இன்னும் கேட்டு முடிக்கலை," என்று வைத்தாள்.

வேதாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒருநாள் கதவைச் சாத்த மறந்துட்டேன். வீட்டை முடிச்சுட்டு வெளியில போயிடுச்சு. நடைபாதையைப் பெருக்கிச்சு. லிஃப்ட்ல இறங்குச்சு. தெரு, மெயின் ரோடு, பெருக்கிக்கிட்டே போகுது. பின்னாடியே செருப்புகூடப் போடாம ஓடுறேன். டிராஃபிக் போலீஸ் அதை நிறுத்தி சல்யூட் அடிக்கிறாரு."

"சார்ஜ்?"

"தெரு விளக்குக் கம்பத்துல உரசும், பாய், மாடு முதுகு சொறியுற மாதிரி. ஏறிடும்."

"நான் வேலை பார்த்தது மின்வாரியத்துலய்யா. கம்பத்துல உரசினா ஆஸ்பத்திரிக்குத்தான் போகலாம்."

"உங்க காலத்துக் கம்பம் அப்படி. கேளுங்க. நேரா திருவான்மியூர் கடற்கரைக்குப் போச்சு. மணலைப் பார்த்துது. இவ்வளவு குப்பையான்னு அதுக்கு வெறி வந்துடுச்சு. பாதி பீச் உள்ளே போயிடுச்சு. சுண்டல் விக்கிறவர் நிக்க இடமில்லாம தண்ணியில நிக்கிறாரு. கடல் ரோட்டுக்கு வந்துடும்போல இருக்கு. ஓடிப்போய் அதைத் தூக்கி, டப்பாவைத் திறந்து கவுத்தேன். நீங்க இப்ப பார்க்கிற பீச் நான் கொட்டினது."

"அந்த டப்பா எவ்வளவு பெரிசு?"

"டிபன் டப்பா அளவு. நல்லா அழுத்தி வைக்கும், பாய்."

அப்போது இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து தமயந்தியின் குரல் வந்தது. பள்ளி மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்.

"ஏங்க! மெஷினைப் போடணும். சீக்கிரம் வந்து வீட்டைப் பெருக்கிக் கொடுங்க!"

வேதாசலம் காதில் விழாதவர்போல் அறிவிப்புப் பலகையைப் படித்தார். சுகந்தி எழுந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு மேடம்? பெருக்குறதுக்குத்தானே மெஷின்?"

"முடி கிடந்தா சக்கரத்துல சிக்கிக்கும்மா. ஒயரை முழுங்கும். கால்மிதியைச் சுவர்னு நினைச்சுத் திரும்பிடும். நாற்காலியையெல்லாம் மேலே ஏத்தி, தரையை ஒருதரம் சுத்தமா பெருக்கிக் கொடுத்துட்டா, அப்புறம் நல்லா பெருக்கும்."

"தினமும் சாரா பெருக்குறாரு?"

"வேற யாரு? அது மேல ஒரு கீறல் விழுந்தா தாங்க மாட்டாரு. என்னைக்கூடத் தொட விடுறதில்லை. அதுக்கு முன்னாடி துடைப்பம் எந்த மூலையில இருக்குன்னே தெரியாத மனுஷன்!"

வேதாசலம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

"வேதாசலம்," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் நூருல்லா. "பீச்சுக்கும் நீதான் முன்னாடி போய்ப் பெருக்கிக் கொடுத்தியா?"

போன் மறுபடி அடித்தது. சுகந்தி எடுத்தாள்.

"போட்டுடு பரணி," என்றாள்.

"நல்லா பெருக்குமாமா?"

"அது எப்படிப் பெருக்கும்னு தெரியலை. ஆனா அதை வாங்கின வீட்டுல ஆம்பளை பெருக்குறாரு."