தரையில் கால் படாத இளவரசி

"அம்மா இருந்த அறை எந்தப் பக்கம்னு காட்டத் தெரியல. இவளா நாளைக்கு நாட்டை ஆளப் போறா?"

"கண்ணுதான் தெரியாது மந்திரியாரே. புத்தி இருக்கு."

"புத்தி இருந்தா கை ஏன்யா குளத்துப் பக்கம் போகுது?"

முன்னொரு காலத்தில் ஒரு ராஜசபையில் மந்திரி வீரபாகுவும் விகடகவி சடையனும் இப்படி மல்லுக்கு நின்றார்கள். நடுவில் இளவரசி செங்கமலம் தலைகுனிந்து நின்றாள். பதினான்கு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. இடறி விழுந்துவிடுவாளோ என்று பயந்த ராஜா, அறைக்கு அறை அவளை மூடுபல்லக்கில்தான் அனுப்புவார். அவளை ஆசிரமத்துக்கு அனுப்பிவிட்டுத் தன் மருமகனுக்குப் பட்டம் கட்டும்படி கேட்டார் மந்திரி.

"சடையா, அவளுக்குப் புத்தி இருக்குன்னு இன்னைக்கே காட்டு. இல்லேன்னா மந்திரி சொன்னதுதான்" என்றார் ராஜா.

"ஆகட்டும் மகாராஜா. அதே பரீட்சைய மந்திரியாருக்கும் வைப்போம். இளவரசி போற மாதிரியே அவரும் போகட்டும்."

மந்திரியின் கண்ணைக் கட்டிப் பல்லக்கில் ஏற்றினார்கள். நான்கு முற்றம் சுற்றி, மறுபடி சபையிலேயே இறக்கினார்கள். கண்கட்டை அவிழ்க்கவில்லை.

"மந்திரியாரே, சிம்மாசனம் எந்தப் பக்கம்? ஒரு கும்பிடு போடுங்க!"

மந்திரி பயபக்தியோடு கும்பிட்டார். எதிரே இருந்தது ராஜாவின் வெற்றிலை எச்சில் படிக்கம்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பார்த்தீங்களா மகாராஜா, தூக்கிட்டுப் போனா யாருக்கும் வழி தெரியாது. இளவரசியக் கொஞ்சம் நடக்க விடுங்க."

எல்லோரும் இளவரசியின் அறைக்குப் போனார்கள். செங்கமலம் அங்கிருந்து சுவரைத் தடவியபடி கிளம்பினாள். பல்லக்கு நுழையாத குறுகலான இடைகழி அது; பல்லக்கு எப்போதும் முற்றங்களைச் சுற்றித்தான் போகும். எட்டாவது அடியில் ஒரு வாசல். உள்ளே துழாவியபோது கட்டிலில் செதுக்கிய கிளி கையில் பட்டது.

"அம்மா கட்டில்!" என்றாள். சுவரைத் தொட்டுக்கொண்டு சற்று யோசித்தாள். "அப்படின்னா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் தலைமாடு."

ராஜா சந்தோஷத்தில் கைதட்டினார். "கேட்டீங்களா மந்திரி? பட்டம் இவளுக்குத்தான்!"

அவள் காதில் அது விழவில்லை.

"போன ஐப்பசியில சுவருக்குப் பின்னால யாரோ சன்னமா இருமிட்டே இருந்தாங்கப்பா. வேலைக்காரம்மான்னு நெனச்சேன். அம்மாவுக்கு உடம்பு முடியலன்னதும் பார்க்கணும்னு பல்லக்குக்காகக் காத்திருந்தேன். அது வர்றதுக்குள்ள அம்மா கண்ணை மூடிட்டாங்க. வெறும் எட்டடிதானாப்பா?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையனிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்ட சடையனும் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டில் பார்வையில்லாத பிள்ளை இருக்கிறதா? தானாக நடக்க விடுகிறீர்களா? விழுந்துவிடுமே என்ற பயத்தை எப்படித் தாண்டினீர்கள்? ஒரு வரியானாலும் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.