பெருக்கிய வட்டம்

"எனக்கு எப்ப மேடம் வகுப்பு தருவீங்க?"

கேட்டவர் அறவாழி. பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் இயற்பியல் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவர் ஜெயசீலி. கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தந்த வேலையை உதறிவிட்டு, ஏரியை ஒட்டிய புதர்க்காட்டில் பிள்ளைகளுக்கு இயற்கை வகுப்பு நடத்துகிறவர். அறவாழியைவிட வயதில் இளையவர். ஆனால் இந்தக் காட்டில் வயதை யார் பார்த்தார்கள்? ஜெயசீலி குரு, அறவாழி சீடர்.

"மழைக்காலத்துல வந்து சேர்ந்தேன். இப்ப வெயில் கொளுத்துது. இன்னும் உங்க பையத் தூக்கிட்டுப் பின்னாலதான் வர்றேன்."

"பை கனமா இருக்கா சார்?"

"அது இல்ல மேடம்." அறவாழி தயங்கினார். "வேலைல இருந்த காலம் பூரா பூமிக்கு அடியில ஒரு அறை. நானும் கருவியும்தான். நான் என்ன செஞ்சேன்னு என் மனைவிக்கே கடைசி வரைக்கும் புரியல. யாரும் எங்கிட்ட வந்து ஒண்ணும் கேட்டதில்ல. ஒரு பிள்ளை வந்து கேக்கணும். அதுக்காகத்தான் இங்க வந்தேன்."

ஜெயசீலி பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, புங்க மரத்தடியில் வட்டமாகப் போட்டார்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்து வைங்க. சாயங்காலம் வர்றேன்."

போய்விட்டார்.

அறவாழிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விஞ்ஞானி கையில் ஒரு சோதனையைக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

எந்தச் சோதனையிலும் முதல் வேலை, குறுக்கே நிற்பதை அப்புறப்படுத்துவது. வட்டத்துக்குள் கணுக்கால் அளவுக்குச் சருகு கிடந்தது. பிள்ளைகளுக்குச் சமைக்கும் கொட்டகையில் விளக்குமாறு வாங்கி வந்தார். சருகு அத்தனையையும் கயிற்றுக்கு வெளியே தள்ளிக் குவித்தார். தரை கல்யாண வீட்டு வாசல் மாதிரி பளிச்சென்று ஆனது.

அப்புறம் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

மாலையில் ஜெயசீலி வந்தார்.

"சொல்லுங்க சார்."

"மணல் கலந்த செம்மண். தரை ஏரிப் பக்கமா லேசாச் சரியுது. மரத்தோட நிழல் விழுற பக்கம் ஈரம் கூட. உயிருள்ளதுன்னு பாத்தா சில எறும்பு. வேற ஒண்ணுமில்ல."

"சருகு?"

"பாக்க விடாம மறைச்சுது மேடம். எடுத்துட்டேன்."

ஜெயசீலி குனிந்து கயிற்றை எடுத்தார். சருகுக் குவியலைச் சுற்றிப் போட்டார்.

"இப்ப பாருங்க."

அறவாழி குவியலின் அருகில் உட்கார்ந்தார். மேலாக ஒரு சருகை எடுத்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூஞ்சை இழை பாதியில் அறுந்திருந்தது. வெயில் பட்ட மரவட்டை ஒன்று சுருண்டு, தொட்டும் அசையாமல் கிடந்தது. வயிற்றோடு முட்டைப் பையை அணைத்துக்கொண்டு ஒரு சிலந்தி அங்குமிங்கும் ஓடியது. முளைவிட்ட புங்க விதை ஒன்று. முளை ஒடிந்திருந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம் அதிகமாக இருந்தது.

இரண்டு கையாலும் சருகை அள்ளி வெறுந்தரையில் போட்டார். எது மேலே இருந்தது, எது அடியில் இருந்தது? எது எதோடு ஒட்டியிருந்தது? கலைந்தது தானாகப் பழையபடி சேராது என்பதற்கு இயற்பியலில் ஒரு விதி உண்டு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சமன்பாட்டோடு விளக்கியவர் அவர்தான். போட்டதை மறுபடி எடுத்துக் குவியலிலேயே வைத்தார்.

"நாளைக்குக் காலைல பிள்ளைங்க வர்றாங்க," என்றார் ஜெயசீலி. "வகுப்பு உங்களோடது."

"எங்க வச்சு?"

"இங்கதான்."

"இங்கயா? நான் இங்க ஒண்ணையும் மிச்சம் வைக்கலயே மேடம்!"

ஜெயசீலி அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் பிள்ளைகள் வந்து மரத்தடியில் சூழ்ந்து நின்றார்கள். ஜெயசீலி எல்லாருக்கும் பின்னால் நின்றார். மண்ணைப் பற்றி அறவாழி நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

அதற்குள் முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"சுத்தி எல்லா இடத்துலயும் சருகு கெடக்கு. இங்க மட்டும் ஏன் சார் மொட்டையா இருக்கு?"

தயாரித்தது எல்லாம் மறந்துபோனது.

"நான்தான்மா பெருக்கிட்டேன்."

அவள் தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்குள்ள இருந்தவங்கல்லாம் எங்க சார் போனாங்க?"

அறவாழி திரும்பிச் சருகுக் குவியலைப் பார்த்தார்.

குவியலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.