காவல் வைக்காத இதயம்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளும் பேசும், சண்டை போடும். சேதி கொண்டுபோக ரத்தத்தில் தூதர்கள் ஓடினார்கள். இன்று அவர்களுக்குப் பெயர் ஹார்மோன். தூதன் உட்கார ஒவ்வொரு உறுப்பும் மணை போட்டு வைத்திருக்கும். மணையில் உட்கார்ந்தவன் சொன்னதைச் செய்தே ஆக வேண்டும். மோசமான வழக்கம்தான், ஆனால் அதுதான் வழக்கம்.

கொற்றி என்ற காட்டுப் பெண்ணின் உடம்பில், உப்புத் தூதனுக்கான மணை சிறுநீரகத்திடம் மட்டும் இருந்தது. “உப்பை வெளியே விடாதே” என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுவான். சிக்கல் என்னவென்றால், கவலைத் தூதனுக்கும் அதே உடல்வாகு. அந்த மணையில் அவனும் கச்சிதமாக உட்காருவான். அதனால் சிறுநீரகம் வாசலில் காவலாளி வைத்து அவனைத் தடுத்தது.

இதயம் சிறுநீரகத்திடம் கேட்டது: “அக்கா, எனக்கும் அந்த மணை வேணும். உப்பு குறைஞ்சா எனக்குத்தான் கடைசியில தெரியுது.”

“தாராளமா போட்டுக்கோ. காவலாளியையும் சேர்த்து வை.”

“அவன் ஒவ்வொருத்தனையா நிறுத்தி விசாரிக்கிறதுக்குள்ள எத்தனை துடிப்பு போயிடும்! உன்னை மாதிரி உட்கார்ந்து வடிகட்டுற வேலையா எனக்கு?”

“வாயைப் பாரு. நாளைக்கு அழுதுட்டு வராதே.”

இதயம் கேட்கவில்லை. தன் சுவரிலேயே மணையைப் பதித்தது. காவல் வைக்கவில்லை. அதைப் பார்த்து ரத்தக்குழாயும் ஒன்று போட்டுக்கொண்டது. அது வைத்த காவலாளி பாதி நேரம் தூங்குவான்.

கொற்றியின் கணவன் வேழன் உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போனான். மழை கொட்டியது. ஆறு பெருகியது. போனவன் வரவில்லை. கொற்றி சாப்பிடாமல் பாதையையே பார்த்தாள். தூரத்தில் எது அசைந்தாலும் எழுந்து நின்றாள். கவலைத் தூதன் கிளம்பினான். முன்பெல்லாம் வருவான், போவான். இந்த முறை இதயத்தின் மணையில் உட்கார்ந்தவன் எழவே இல்லை.

“ஆபத்து. சுவரைக் கெட்டியாக்கு.”

“இப்பதானே கெட்டியாக்கினேன்?”

“இன்னும்.”

“டேய், காவலாளி தூங்கினதுல இங்கேயும் ஒரு கவலைத் தூதன் உட்கார்ந்துட்டான், என்னால விரிய முடியலடா! மெதுவாத் தள்ளு!” என்று ரத்தக்குழாய் கத்தியது.

“மெதுவாத் தள்ளினா அவ விழுந்துடுவா!”

இதயம் பயந்துபோய்ச் சிறுநீரகத்தைக் கூப்பிட்டது. “அக்கா, உன் காவலாளியைக் கொஞ்சம் அனுப்பு!”

“எப்படி அனுப்புவேன்? அவன் என் வாசலோட ஒட்டி வளர்ந்துட்டான். நீ அந்த மணையைப் பிடுங்கி எறி.”

“பிடுங்கணும்னா நான் நிக்கணும். நான் நின்னா கொற்றி இல்ல, அக்கா.”

 

ஒரு மாலை வேழன் சேறும் சகதியுமாக வந்து நின்றான். கொற்றி அவனைத் திட்டினாள், சிரித்தாள், கஞ்சி ஊற்றினாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கவலைத் தூதன் எழுந்து போய்விட்டான், ஆனால் கெட்டியான சுவர் திரும்ப இளகவில்லை.

கவலை நீண்டால் இதயமும் ரத்தக்குழாயும் இறுகுவதும், கவலை தீர்ந்த பிறகும் அந்த இறுக்கம் போகாமல் நிற்பதும் அன்று முதல்தான்.